ஒன்று புள்ளி மூன்று

"ஏம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர். அவளை மட்டும் எதுக்கு கிட்னி டாக்டர்கிட்டப் போகச் சொல்றாங்க?"

கேட்டவர் வெள்ளைச்சாமி. நெல் குடோனில் மூட்டை தூக்குகிறவர். ஊசி என்றாலே நடுங்கும் மனைவி பவுனுத்தாய்க்குத் தைரியம் வரட்டும் என்று, காலையில் தானும் கையை நீட்டி ரத்தம் கொடுத்திருந்தார்.

இப்போது அவர் கையில் இரண்டு ரிசல்ட். இரண்டிலும் கிரியாட்டினின் ஒன்று புள்ளி மூன்று.

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்த ஜுலைகா நிமிர்ந்து பார்த்தாள்.

"உக்காருங்கண்ணே."

"உக்கார நேரமில்ல. எனக்கு ஒண்ணுமில்லேன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்ப அவளுக்கும் ஒண்ணுமில்லதானே?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றாள் பவுனுத்தாய், வாசலில் பையோடு நின்று. "வாங்க, வீட்டுக்குப் போவோம்."

இப்போது போனால் இவர்கள் திரும்பி வரமாட்டார்கள். ஜுலைகாவுக்கு அது தெரியும்.

"ஒரு கேள்வி கேட்கிறேன். ஒரு வீட்ல பத்துப் பேர். பக்கத்து வீட்ல ரெண்டே பேர். ரெண்டு வாசல்லயும் ஒரே அளவு குப்பை கிடக்கு. எந்த வாசலுக்குக் குப்பை அள்ளுற ஆள் சரியா வரல?"

"இதென்ன விடுகதை? ரெண்டு பேர் வீட்டுக்குத்தான்."

"உடம்புச் சதை தினம் குப்பை போடுது. கிட்னி அள்ளுது. அள்ளாம ரத்தத்துல நிக்கிற குப்பைதான் இந்த கிரியாட்டினின் நம்பர்."

அவர் இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நம்பர் ஒண்ணாத்தானேம்மா இருக்கு?"

 ஜுலைகா எழுந்து போய் பவுனுத்தாயைக் கூட்டி வந்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

"உங்கள்ல யாரு அந்த ரெண்டு பேர் வீடுன்னு பாருங்க. அக்கா கையைப் பிடிங்க. தோளுக்குக் கீழ. சுத்திப் பிடிங்க."

"அய்ய, இத்தனை பேருக்கு முன்னாலயா?" என்று அவர் நெளிந்தார்.

"சும்மா பிடிய்யா," என்றார் வரிசையில் நின்ற ஒரு பெரியவர். "ஊரான் பொண்டாட்டியா?"

பிடித்தார்.

கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டன. தொட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறின. அப்போதும் உள்ளே இடம் இருந்தது.

"எப்பப் புள்ள இப்படி ஆன?"

"விடிஞ்சா குடோனு. வந்தா தூக்கம். நீங்க எங்க பாத்தீங்க?" அவள் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை.

"அந்த கிட்னி டாக்டர் எங்கம்மா இருக்காரு?"