குடம் நிறைய வாக்கு

முன்னொரு காலத்திலே, ராஜாக்களுக்குப் பொழுது போகாமல் தவித்த காலத்திலே, ஒரு ராஜா இருந்தார். பக்கத்து நாட்டு ராஜா, "என் குடிகள் வாக்குக் கொடுத்துத்தான் நான் ஆள்கிறேன்" என்று பீற்றிக்கொண்டது இவர் காதில் விழுந்தது. பொறுக்குமா? "நமக்கும் வாக்குச் சேகரித்து வர வேண்டும்! ஆளுக்கொரு ஓலை, குடம் நிறைய!" என்றார்.

விகடன் வெண்காடனைக் கண்டாலே மந்திரி மழவராயருக்கு வயிறு எரியும். "பிரபு, வெண்காடனையே வறட்டுமேட்டுக்கு அனுப்புங்கள். மூன்று நாளில் குடம் நிறையாவிட்டால் நாடு கடத்திவிடலாம்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார். பாவி மந்திரி! வறட்டுமேட்டில் ராஜா பேரைச் சொன்னாலே விளக்குமாறுதான் வரும்.

வந்தது. விளக்குமாறும் கையுமாகப் பாய்ந்தாள் சடைச்சி என்ற உழவுக்காரி. "எங்க வாக்கு கேக்க வந்துட்டீரா? முடிசூட்டின அன்னைக்கு ஏரிக்கு மதகு கட்டித் தாரேன்னு உங்க ராசா வாக்குக் குடுத்தாரே, அது என்னாச்சு? ஏழு வருசமா அதைக் கட்டிக்கிட்டு அழுவுறோம்!"

வெண்காடன் காலிக் குடத்தைப் பார்த்தான். பெண்டாட்டி பிள்ளைகளோடு எந்த நாட்டுக்குப் போவது? சட்டென்று நிமிர்ந்தான். "தாயே, அந்த வாக்கு இன்னும் உங்ககிட்டதான் இருக்கா? அதையே குடுங்க!"

ஊரே வரிசையில் நின்று சொன்னது. எழுதி எழுதி அவன் கை ஓய்ந்துபோயிற்று.

மூன்றாம் நாள் குடம் நிறைந்து சபைக்கு வந்தது. ராஜா ஓர் ஓலையை எடுத்துப் படித்தார்: 'ஏரிக்கு மதகு கட்டித் தருவேன்.' அடுத்த ஓலையிலும் அதுவே. அதற்கடுத்ததிலும் அதுவே.

"மோசடி! இவை குடிகளின் வாக்கே அல்ல, பிரபு!" என்று குதித்தார் மழவராயர்.

"உண்மைதான், அரசே" என்றான் வெண்காடன். "இது தாங்கள் கொடுத்த வாக்கு. வாக்குச் சேகரித்து வா என்றீர்கள். யாருடைய வாக்கு என்று சொல்லவில்லையே. அந்த ஊரில் இருந்தது இது ஒன்றுதான். ஏழு வருஷம் வைத்திருந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள்."

ராஜாவின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. கடைசியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அடப்பாவி! என் வாக்கை என் தலையிலேயே கட்டிவிட்டாயே!" என்று தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

"அப்பாடா!" என்று சபை என்றும் பாராமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டான் வெண்காடன்.

"மழவராயரே, நாளைக்கே வறட்டுமேட்டுக்குப் புறப்படும். மதகு முடியாமல் திரும்ப வேண்டாம்" என்றார் ராஜா.

அன்று முதல் அந்த நாட்டில் யார் வாக்குச் சேகரிக்க வந்தாலும் ஜனங்கள் வாசலிலேயே மறித்து, "முதல்ல உம்ம வாக்கை எடுத்துக்கிட்டுப் போய் முடிச்சுட்டு வாரும். எங்க வாக்கு எங்கேயும் ஓடிப்போகாது" என்பார்களாம்.