முள்ளம்பன்றிக்குக் கிடைத்த இடம்

குளக்கரையில் மரநாய் ஒரு புது உணவகம் திறந்தது. சாப்பிட்டுக்கொண்டே எதிர்த் திடலில் முயல்களும் காட்டுப்பன்றிகளும் ஆடும் சடுகுடு ஆட்டத்தைப் பார்க்கலாம்! சுட்ட பனங்கிழங்கு, இலுப்பைப்பூப் பாயசம், குடம் குடமாகப் பதநீர். காடே அங்கேதான் கிடந்தது.

உட்கார ஒரே ஒரு நீள மரக்கட்டை. எல்லோரும் தோளோடு தோள் உரசத்தான் உட்கார வேண்டும். முயல் அணி ஒரு புள்ளி எடுத்தால் போதும், பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடித்துக் கத்துவார்கள். திறந்த நாளிலிருந்து அதுதான் அங்கே வழக்கம்.

சடையன் என்ற முள்ளம்பன்றி மூன்று நாளாக வேலிக்கு வெளியே நின்று இதையெல்லாம் பார்த்தது. அதற்குப் பாயசத்தின் மேல்கூட அவ்வளவு ஆசை இல்லை. முள் வளர்ந்த பிறகு சடையனை யாருமே கட்டிப்பிடித்ததில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவே தன்னையும் ஒருவர் இழுத்து அணைக்க மாட்டாரா என்று அதன் மனம் கிடந்து தவித்தது.

"உள்ள வரலாமாண்ணே?" என்று கேட்டது.

"வேணாம்னு சொல்வேனா? ஆனா சந்தோஷம் வந்தா உனக்கு முள்ளு எழும்பிடுமேய்யா! பக்கத்துல இருக்கிறவங்க கதி என்ன?" என்றது மரநாய்.

சடையன் குளத்துக் களிமண்ணை வாரி வாரி முதுகில் பூசியது. வெயிலில் காயவைத்தது. முட்கள் எல்லாம் படிந்து, முதுகு பூசணிக்காய்போல வழவழவென்று ஆனது. மரநாய் தடவிப் பார்த்துவிட்டு, மந்திக்கும் புள்ளிமானுக்கும் நடுவில் இடம் கொடுத்தது.

அப்பாடா! இரண்டு பக்கமும் கதகதப்பு! சடையனுக்குக் கண் கலங்கியது.

ஆட்டம் தொடங்கியதும் அதன் நெஞ்சு துள்ளியது. முதுகில் படக்கென்று ஒரு விரிசல்! 'ஐயோ, சந்தோஷப்பட்டால் தொலைந்தேன்!' என்று பயந்துபோய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டது. வாயையும் மூடிக்கொண்டது. போதாததற்கு, செத்துப்போன சித்தப்பாவை வேறு நினைத்துக்கொண்டது.

கடைசியாகப் பாடிப்போன முயல் நான்கு காட்டுப்பன்றிகளைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டியது. வெற்றி! கட்டையே அதிர்ந்தது. மந்தி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சடையன் பக்கம் திரும்பியது. அங்கே உம்மென்று ஒரு முகம்!

"நாம ஜெயிச்சிருக்கோம், நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே! பன்னிக்கூட்டத்து ஆளா நீ?"

"இல்லக்கா! நானும் முயல் பக்கந்தான்!"

"அதைச் சொல்ல இப்பதான் வாய் வந்துச்சாக்கும்!" என்ற மந்தி, அந்தப் பக்கம் திரும்பி ஒரு கீரியைக் கட்டிக்கொண்டது.

சடையன் மெல்ல இறங்கி வெளியே வந்தது. குளத்தில் முங்கி மண்ணைக் கரைத்தது. அழுகையும் வந்தது.

மறுநாள் அது பழையபடி வேலியோரம் நின்றது. கட்டையைப் பார்க்கும்போதெல்லாம் ஏக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தொண்டை கிழியக் கத்தியது. முட்கள் அத்தனையும் சிலிர்த்து நின்றன.

புல்லுக்குள்ளிருந்து ஓர் ஆமை தலையை நீட்டியது.

"என்னமா கத்துறேய்யா! நானும் முயல் பக்கந்தான். என் ஓட்டுல எந்த முள்ளும் ஏறாது, கிட்ட வா!"

முயல் அணி அடுத்த புள்ளியை எடுத்தது. ஆமை கத்திக்கொண்டே சடையனைக் கட்டிக்கொள்ளப் பார்த்தது. அதன் குட்டைக் கால் எட்டியது சடையனின் முன்னங்கால் வரைதான். ஆட்டம் முடியும்வரை சடையன் அந்தக் காலை அசைக்கவே இல்லை.

தன் மகிழ்ச்சியை ஒளித்துவைத்து வாங்கிய இடம், எத்தனை பேருக்கு நடுவில் இருந்தாலும் தனிமைதான்.