உடம்புக்குள் பாத்தி கட்டியவள்

சளக்... சளக்... அந்தக் காலத்தில் யார் வந்தாலும் ஆளுக்கு முன்னே இந்தச் சத்தம்தான் வரும். மரமும் மாடும் மனிதரும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த காலம். எல்லா உடம்பும் உள்ளே தடுப்பே இல்லாத ஒரே தோல்பை. உயிர்நீர் அதற்குள் அலைந்துகொண்டே கிடக்கும். ஒரு முள் குத்தினால் மொத்தமும் வடிந்துவிடும்.

கடலோரத்தில் உப்புப் பாத்தி கட்டிப் பிழைத்தவள் பொன்னுருவி. புருஷன் கடம்பன் வரும் சத்தம் கேட்டால்தான் அவளுக்குக் கஞ்சி இறங்கும். அவளுக்கு ஒரே பகை, நண்டு. கட்டின வரப்பையெல்லாம் துளைத்து வைக்கும். அவள் ஏச, அதுவும் வளைக்குள்ளிருந்து பதிலுக்கு ஏசும்.

ஒருநாள் உப்பு வாரிக்கொண்டிருந்த கடம்பன் தெரியாமல் வளையை மிதித்துவிட்டான். நண்டு பதறிக் கவ்வியது. குதிகாலில் ஓட்டை விழுந்து உயிர்நீர் கொட்டியது. கால் துவண்டது, பிறகு இடுப்பு.

ஒரு பாத்தி உடைந்தாலும் பக்கத்துப் பாத்தி தப்பும். பொன்னுருவிக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். சேற்றை அள்ளிக் காயத்துக்குள் கையை விட்டு வரப்பு போட்டாள். அதற்குள் இன்னொன்று, அதற்குள்ளும் ஒன்று என்று மணலைவிடப் பொடியாகப் பாத்திகள். ஒழுகல் நின்றது. ஆனால் வாயில் ஊற்றிய கஞ்சியும் தொண்டையோடு நின்றது. விரல்கள் நுனியிலிருந்து காயத் தொடங்கின.

நண்டு தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தது.

"வரப்பு போட்டே, சரி. தண்ணி போக மடை எங்கக்கா?"

அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். நண்டோடு மல்லுக்கட்டி ஓட்டை அடைத்தே பழகிய கை, அவசரத்தில் மடைவிட மறந்திருந்தது.

"உன்னையா உள்ளே விடச் சொல்றே?"

"துளைக்கிறேன்னுதானே ஏசுவே. இன்னிக்கு மட்டும் ஏசாதே."

அவள் நகர்ந்து வழிவிட்டாள். நண்டு கொடுக்கு நுனியால் ஒவ்வொரு வரப்பிலும் ஊசிமுனை அளவு துளையிட்டது. கஞ்சி பாத்திக்குப் பாத்தி கசிந்து விரல்வரை போனது. விரல் சிவந்தது.

காயத்தின் வாய் மட்டும் திறந்திருந்தது, அள்ளிவைத்த சேறும் தீர்ந்துவிட்டது. அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே, கஞ்சி குடித்துப் பெருத்த ஒரு பாத்தி தானே நடுவில் வரப்பு போட்டுக்கொண்டு இரண்டானது. இரண்டு, நாலானது. காயம் மூடிக்கொண்டது.

சேதி கேட்டு எருமை வந்தது, எறும்பு வந்தது. நகர முடியாத பனை அணிலைத் தூதனுப்பியது. அவள் யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை.

அந்தப் பாத்தியைத்தான் இப்போது செல் என்கிறோம். அன்று தொட்டுத்தான் இலையிலும் எறும்பிலும் நம்மிலும் அது இருக்கிறது. முள் குத்தினாலும் ஒரு சொட்டோடு நின்றுவிடுகிறது.

மறுநாள் காலை கடம்பன் பின்னால் வந்து நின்றது பொன்னுருவிக்குத் தெரியவில்லை. அந்தச் சளக் சத்தமே இல்லை. திக்கென்று திரும்பினாள். இருந்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நண்டு புதிதாகத் துளைத்திருந்த வரப்பை அடைக்கக் குனிந்தாள்.