அளவான மழை

"எனக்குக் காது இருக்கா, இல்லையா, மேடம்?" என்று கேட்டார் கிருபாகரன்.

ஏழு நாளாக ஒரே காட்சி. ஏழு நாளாக ஒரே மழை. உண்மையில் அது மழைகூட இல்லை. செய்தித்தாளில் பச்சரிசியைக் கொட்டிப் பதிவு செய்தது. இயக்குநர் சத்தத்தைக் கூட்டச் சொன்னால் கிருபாகரன் கூட்டினார். குறைக்கச் சொன்னால் குறைத்தார். எதுவும் சரிப்படவில்லை.

"இருபத்தொரு வருஷமா இந்தக் காதை நம்பித்தான் சாப்பிடறேன். அவரு சொல்ற வித்தியாசம் எனக்குக் கேக்கவே மாட்டேங்குது. இன்னிக்கும் முடியலேன்னா ஊருக்கே போயிடறேன்."

ஜெசிந்தா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனால் அந்த ஒலிக்கலவைக் கூடத்துக்குத் தலைமை அவர்தான். நாற்காலியை இழுத்து மேசை முன் உட்கார்ந்தார்.

இயக்குநர் வந்தார். திரையில் நாயகி நனைந்தாள்.

"மழை தூக்கலா இருக்கு."

மேசையில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களில் ஒன்றை ஜெசிந்தா மெல்லக் கீழே இறக்கினார்.

"இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஐயோ, போச்சு. துளி மேல... ஆங்! அதேதான்!"

"கையை எடுக்கலாமா, சார்?"

"எடுங்க, எடுங்க. இதைத்தானே ஏழு நாளாக் கத்திட்டிருந்தேன்!"

கிருபாகரனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

கிருபாகரன் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு ஃபேடரின் கீழும் ஒட்டுத்தாளில் ஒரு பெயர்: வசனம், மழை, காற்று, வயலின். ஜெசிந்தாவின் விரல் இன்னும் கடைசி ஃபேடரில்தான் இருந்தது. அதற்குப் பெயர் இல்லை.

"இது எதோட சேர்ந்திருக்கு?"

"எதோடயும் இல்லை."

ஏழு நாளுக்கும் சேர்த்துச் சிரித்தார் கிருபாகரன். "அப்ப, காது இல்லாதது அவருக்கு!"

"அது இருக்கட்டும். அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை கேட்டுடுங்க, கிருபா சார். எனக்குக் காத்து சத்தம் மேலதான் சந்தேகம்."

கிருபாகரன் கண்ணை மூடிக்கொண்டார். தன் காதில் நம்பிக்கை திரும்பியவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

"கூடுதல்தான், மேடம். குறைங்க... அவ்வளவு வேணாம். துளி ஏத்துங்க... அங்கதான்! இப்பத்தான் காட்சி மூச்சு விடுது."

"கையை எடுக்கலாமா, சார்?"

கண்ணைத் திறந்தார்.

விரல் கடைசி ஃபேடரில் இருந்தது.

திரையில் நாயகி வெகுநேரம் நனைந்துகொண்டிருந்தாள்.

"ஊருக்கு எப்பக் கிளம்பறீங்க?" என்றார் ஜெசிந்தா.

கிருபாகரன் ஒட்டுத்தாளில் ஒரு துண்டு கிழித்தார். தன் பெயரை எழுதினார். கடைசி ஃபேடரின் கீழ் ஒட்டினார்.