கட்டெறும்புக்குக் கட்டியம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செங்கானூரை விருத்தபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். வேட்டைக்குப் போனவர், மான் கிடைக்காமல் ஒரு மரத்தடியில் தூங்கிவிட்டார். எழுந்ததும், "இப்படியொரு தூக்கம் எனக்குச் சபையில்கூட வந்ததில்லை! காட்டைக் கொண்டுவந்து சபைக்குள் வையுங்கள்" என்று உத்தரவு போட்டார்.

அலங்கார அதிகாரி சித்திரசேனர் குழைந்தார். "ஆகட்டும் மகாராஜா! தூணெல்லாம் கொடி, மூலையெல்லாம் மூங்கில், சிம்மாசனத்துக்கு முன்னால் தாமரைக்குளம். நடுவில் ஒரு பலாமரம். ஊரிலேயே அழகான பலா நம் மருதப்பன் கொல்லையில்தான் நிற்கிறது."

சபைக்கு வருகிறவர்களின் பெயரையும் பெருமையையும் முழங்கும் கட்டியக்காரன்தான் மருதப்பன். அவன் குரலுக்கு ராஜா ஒருமுறை முத்துமாலை போட்டதிலிருந்து சித்திரசேனருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. மருதப்பன் வீட்டில் ஏழு வாய். பலா காய்க்கும் மாதங்களில் அந்த மரம்தான் சோறு.

"மகாராஜா, இருபது வருஷத்து மரம். பிடுங்கினால் பிழைக்காது."

"பிழைக்காவிட்டால் வேறு மரம்! ஊரில் மரத்துக்கா பஞ்சம்?" என்றார் சித்திரசேனர்.

"நாளை மறுநாள் தோண்டுங்கள்" என்றார் ராஜா. அதோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் சபைக்குள் கொடியும் மூங்கிலும் குளமும் வந்துவிட்டன. மூங்கில் தூரிலிருந்து எறும்பு ஒன்று இறங்கியது. மருதப்பன் கோலைத் தரையில் தட்டினான்.

"பராக்! பராக்! புற்று பன்னிரண்டு ஆண்ட, தன்னைவிடப் பெரிய அரிசியைத் தனியாகச் சுமந்த தோள்வலி வீரர், ஸ்ரீமான் கட்டெறும்பார் வருகிறார், பராக்!"

ராஜா வாயைத் திறக்கப் போனார். திறக்கவில்லை. அவருடைய தாத்தா போட்ட சட்டம் அப்படி. சபைக்குள் வருவது எந்த உயிரானாலும் கட்டியம் சொல்லியாக வேண்டும். பட்டத்து யானையை மனதில் வைத்து எழுதியிருந்தார். சொல்லி முடிக்கும்வரை யாரும், ராஜாவே ஆனாலும், பேசவோ எழவோ கூடாது. குறுக்கே பேசுகிறவர் மீதிக் கட்டியத்தைத் தானே சொல்லித் தீர்க்க வேண்டும்.

"அன்னாரின் தம்பியார், பராக்! தம்பியாரின் மச்சினர், கொஞ்சம் கோபக்காரர், பராக்!"

மூச்சு விடாமல் போய்க்கொண்டே இருந்தது. குளத்துத் தவளைக்குத் தொண்டை கரகரக்க ஒரு கட்டியம், பல்லிக்கு நாக்கைச் சொடுக்கி ஒன்று. சமையல்கட்டிலிருந்து ரச வாசம் வந்து, ஆறியும் போனது.

"ராஜாவின் கணுக்காலுக்கு விஜயம் செய்யும் செவ்வெறும்பார், பராக்! முழங்காலை முற்றுகையிடும் அவர் படையார், பராக்!"

ராஜா அசையவில்லை. மீசை மட்டும் துடித்தது.

நூற்று நாற்பதாவது எறும்பு சித்திரசேனரின் மேலாடைக்குள் புகுந்தது. "ஐயோ! நிறுத்துடா!"

மருதப்பன் நிறுத்தினான். பணிவாகக் குனிந்து கோலை நீட்டினான். "மீதி உங்களுடையது ஐயா. நூற்று நாற்பத்தோராமவர் மூங்கிலடியில் காத்திருக்கிறார்."

கோல் கைமாறிய அந்த ஒரு நொடியில் ராஜா எழுந்து வெளியே ஓடினார். தாழ்வாரத்தில் நின்று ஆசைதீரச் சொறிந்தார். மருதப்பன் பின்னாலேயே வந்து நின்றான்.

"உன் மரத்தை வரவிடக்கூடாது என்றுதானே இவ்வளவும்?"

"ஆமாம் மகாராஜா."

"அப்படியானால் நான் எங்கேயடா தூங்குவது?"

"மரத்துக்குத்தான் கால் இல்லை. மகாராஜாவுக்கு இரண்டு இருக்கிறதே."

ராஜா சொறிவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். விரலிலிருந்த மரகத மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தார். "அந்த மரத்தில் எவனும் கைவைக்கக்கூடாது. நாளைக்கு நான் வருகிறேன்."

மறுநாள் ராஜா மருதப்பன் கொல்லைக்கு நடந்தே வந்தார். மருதப்பன் பலாமரத்தடியில் குனிந்து, மண்ணைப் பார்த்து முழங்கினான்.

"எறும்புப் பெருமக்களே! செங்கானூர் ராஜா வருகிறார், பராக்! கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்!"

கட்டியம் முடியும்வரை ராஜா பேசாமல் நின்றார். பிறகு துண்டை விரித்துப் படுத்தார். அரண்மனைப் பக்கமிருந்து காற்றில் ஒரு கம்மிய குரல் வந்தது.

"ஆயிரத்து நானூற்று... எட்டாமவர்... பராக்..."

ராஜா நன்றாகத் தூங்கினார்.