நீல வாளியின் வேலை

ஒரு மாடி வீட்டுக் கூடத்தில், ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. மேசை மேல் ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டியில் ஒரே ஒரு தங்கமீன். உருண்டு திரண்டு ஆரஞ்சு நிறத்தில் இருந்ததால் வீட்டுக்காரம்மா சுலோச்சனா அதற்குப் பூசணி என்று பெயர் வைத்திருந்தார். மேசைக்குக் கீழே ஒரு நீல பிளாஸ்டிக் வாளி உட்கார்ந்திருந்தது.

வாளிக்குக் கூச்ச சுபாவம். ஆனால் கணக்கில் கறார். அதன் உட்புறத்தில் வீட்டுக்காரர் ஏகாம்பரம் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு ஏறினாலும் வாளிக்கு நிம்மதி போய்விடும்; ஒரு சொட்டு குறைந்தாலும் போய்விடும். தன்னிடம் பெருமைப்பட்டுக்கொள்ள அந்தக் கோடு ஒன்றுதான் இருக்கிறது என்று அது நினைத்தது. அந்தக் கோட்டையும் தான் போடவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் அந்தப் பெருமையையும் விட்டுவிடும்.

சனிக்கிழமை காலை குழாயில் தண்ணீர் வரும்போது சுலோச்சனா வாளியைக் கோடு வரை நிரப்பி மேசைக்குக் கீழே வைப்பார். ஞாயிற்றுக்கிழமை, தொட்டியில் கொஞ்சம் பழைய தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, வாளித் தண்ணீரை ஊற்றுவார். ஏன் முதல் நாளே பிடித்து வைக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்திருக்கத் தாமதமாகும். அதற்குள் குழாய் நின்றுவிடும். அவ்வளவுதான் காரணம்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஓசூரில் இருக்கும் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. பேத்திக்குக் காது குத்து. வந்தால் பத்து நாளாவது தங்க வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள்.

"பூசணியை யார் பாக்குறது?" என்றார் சுலோச்சனா. "எதிர் போர்ஷன் மும்தாஜ் நாலு குருணை போட்டுடுவாங்க. வாளியைத் தூக்கித் தண்ணி மாத்தச் சொல்ல முடியுமா? அவங்களுக்கே இடுப்பு வலி."

"தூக்கவே வேணாம். ஆட்டோமேட்டிக்கா பண்ணிடலாம்," என்றார் ஏகாம்பரம். அவர் லேத் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றவர். கை சும்மா இருக்காது.

"டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தச் சொல்லி மூணு மாசம் ஆச்சு. மீனுக்கு மட்டும் ஆட்டோமேட்டிக்கா?"

"அது சின்ன வேலை. சின்ன வேலையெல்லாம் எனக்கு மறந்துடும்."

இப்படியாகப் புதியவர்கள் மூன்று பேர் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சுவரில் பிளக்கில் உட்கார்ந்தது டைமர். தொட்டியின் மூலையில் தண்ணீருக்குள் இறங்கியது ஒரு குட்டி மோட்டார். குழாயிலிருந்து நேராக இழுத்த டியூபின் நுனியில், தொட்டியின் விளிம்பில், தொங்கியது ஒரு மிதவை.

வீட்டுக்காரர்கள் மளிகைக் கடைக்குப் போன சமயத்தில் டைமர் தொண்டையைச் செருமியது. அதற்கு முகத்தில் எண்கள் எரிந்ததால் தலைமைப் பொறுப்பு தானாகவே வந்துவிட்டது.

"எல்லாரும் அவங்கவங்க வேலையைச் சொல்லுங்க."

"பழைய தண்ணியை உறிஞ்சி வெளிய தள்ளுவேன். இப்பவே தள்ளட்டுமா?" என்றது மோட்டார்.

"நான் சொல்றப்பதான் தள்ளணும். அடுத்து?"

"தண்ணி இறங்கினா நானும் இறங்குவேன், குழாய் திறக்கும். தண்ணி ஏறினா நானும் ஏறுவேன், குழாய் மூடிக்கும்," என்றது மிதவை. "இவ்வளவு சொன்னா போதும்."

டைமரின் பார்வை மேசைக்குக் கீழே போனது. "பெரியவரே, நீங்க?"

வாளி திடுக்கிட்டது. அதனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. "சனிக்கிழமை என்னை நிரப்புவாங்க. ஞாயித்துக்கிழமை ஊத்துவாங்க."

"அது அவங்க செய்யற வேலை. நடுவுல நீங்க என்ன செய்வீங்க?"

வாளி நன்றாக யோசித்துப் பார்த்தது. பொய் சொல்லி அதற்குப் பழக்கமில்லை. "சும்மா இருப்பேன்."

"ஒரு நாள் முழுக்கவா?"

"ஆமா. சிந்த மாட்டேன்," என்றது வாளி, ஏதாவது சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்று.

மோட்டார் சிரித்த சிரிப்பில் தொட்டி முழுக்கக் குமிழ் கிளம்பியது. "ஒரு நாள் முழுக்க சும்மா உக்கார்றதுக்கு ஒரு ஆளா! சொல்லியிருந்தா நானும் அந்த வேலைக்கே வந்திருப்பேனே!"

பூசணி மட்டும் கண்ணாடியோரம் வந்து சொன்னது: "எனக்கு அந்த ஞாயித்துக்கிழமைத் தண்ணி பிடிக்கும்."

மீன் பேச்சை யார் கேட்கிறார்கள்? டைமர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. "பெரியவர் ஓய்வெடுத்துக்கலாம்."

வாளிக்கு அந்தத் தீர்ப்பில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் இடத்தில் தான் இருந்தாலும் தன்னைத்தான் முதலில் நீக்கியிருக்கும்.

மறுநாள் காலை, அதாவது பயணத்துக்கு முந்தின நாள், சுலோச்சனா வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனார். "வீடு துடைக்கிற வாளி விரிசல் விட்டுடுச்சு. இனிமே இதையே வெச்சுக்கலாம்." பழக்கதோஷத்தில் சிவப்புக் கோடு வரை நிரப்பினார். துடைக்கலாம் என்று திரும்பினால், பேத்திக்கு முறுக்கு சுட வேண்டியது நினைவுக்கு வந்துவிட்டது. துடைப்பது நாளைக்கு என்றாகிவிட்டது.

குளியலறை மூலையில் தலைகீழாகச் சாய்ந்திருந்த தரை துடைக்கும் மாப்பு, வாளியை வரவேற்றது. "வாங்க, வாங்க. மீன் வீட்டுலேர்ந்தா? அதோ பாருங்க பினாயில் பாட்டில். ஒரு தடவை உங்க மேல பட்டுட்டா போதும், வாடை ஜென்மத்துக்கும் போகாது. அப்புறம் மீன் பக்கம் எட்டிக்கூடப் பாக்க முடியாது. முதல்ல கஷ்டமா இருக்கும். பழகிடும்."

வாளி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று பகல் முழுக்கவும் இரவு முழுக்கவும் கோடு வரை தண்ணீரை வைத்துக்கொண்டு கோபமாக உட்கார்ந்திருந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. தன் மேல்தான் என்று கடைசியில் முடிவு செய்தது. இத்தனை வருஷத்தில் ஒரு வேலையாவது கற்றுக்கொண்டிருக்கக் கூடாதா?

பயண நாள் விடிந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. ஏகாம்பரம், மும்தாஜையும் அவர் கணவரையும் கூப்பிட்டுக் கூடத்தில் நிற்க வைத்திருந்தார். பத்து நாள் ஊரில் இருக்கப்போவதில்லையே என்று, முதல் தடவை பாதித் தொட்டியை மாற்றும்படி டைமரைத் திருகியிருந்தார்.

டைமர் 'டக்' என்றது. மோட்டார் உறுமிக்கொண்டு தண்ணீரை வெளியே தள்ளியது. மிதவை இறங்கியது, குழாய் திறந்தது, புதுத் தண்ணீர் பாய்ந்தது. தொட்டி நிறைந்ததும் மிதவை ஏறி, "போதும்," என்றது. ஒரு சொட்டுகூடத் தரையில் விழவில்லை.

"கையே படலையே அண்ணே!" என்றார் மும்தாஜ்.

"பட்டறை மூளைம்மா," என்றார் ஏகாம்பரம், அடக்கமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. விருந்தினர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் பூசணி மேலே வந்தது. வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி நீட்டி மூடியது. செதில் வெளுத்து, துடுப்பு உடம்போடு ஒட்டிக்கொண்டது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"நான் சரியான நேரத்துக்குத்தான் தட்டினேன்," என்றது டைமர்.

"தள்ளச் சொன்ன அளவுதான் தள்ளினேன்," என்றது மோட்டார்.

"நான் விளிம்போட நிறுத்திட்டேன்," என்றது மிதவை.

"எல்லாரும் சரியாத்தான் செஞ்சீங்க," என்றது பூசணி. "எனக்குத்தான் மூச்சு வரலை."

குளியலறையில் சுலோச்சனா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பினாயில் பாட்டிலின் மூடியைத் திருகினார். வாளி கண்ணை மூடிக்கொண்டது. பாட்டில் சாய்ந்தது.

"சுலோச்சனா! பூசணி சாயுதுடி! ஓடி வா!"

ஒரு சொட்டு விழுவதற்குள் பாட்டில் நிமிர்ந்தது. சுலோச்சனா அதைக் கையில் பிடித்தபடியே ஓடினார். ஏகாம்பரம் அதற்குள் வளர்ப்பு மீன் கடைக்காரருக்குப் போன் போட்டிருந்தார். அவசரத்தில் போன் இரண்டு தடவை கீழே விழுந்தது.

"தொட்டித் தண்ணிய மோந்து பாருங்க சார்," என்றது போன்.

ஏகாம்பரம் குனிந்தார். "பிளீச்சிங் பவுடர் வாடை."

"குழாய்த் தண்ணிய அப்படியே விட்டீங்களா? எரிஞ்சு போயிருக்கும் சார் அதுக்கு! பிடிச்சு ஒரு நாள் திறந்து வெச்சு, பிளீச்சிங் பறந்து போன தண்ணி இருக்கா? உடனே மீனை அதுல விடுங்க."

"அந்த மாதிரி தண்ணி எப்படிப்பா வீட்டுல இருக்கும்? யாராவது தண்ணிய பிடிச்சு சும்மா வெச்சிருப்பாங்களா?"

சுலோச்சனா கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். "இருக்குங்க," என்றார்.

பூசணியை வலையில் ஏந்தி, அப்படியே வாளிக்குள் விட்டார்கள். ஏகாம்பரம் தொட்டியில் குமிழ் விடும் காற்றுக்குழாயை எடுத்து வாளியில் போட்டார். இருவரும் தரையில் குந்தி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். தனக்குள் ஒரு உயிர் நீந்தி வாளிக்குப் பழக்கமில்லை. மூச்சு விட்டால் அலை அடிக்குமோ என்று பயந்து ஆடாமல் இருந்தது.

நெடுநேரம் கழித்துப் பூசணி நிமிர்ந்தது. துடுப்பு விரிந்தது. ஒரு சுற்று சுற்றி வந்து, சிவப்புக் கோட்டை மூக்கால் இடித்தது.

"இந்தத் தண்ணிய என்ன பண்ணினீங்க?" என்று கேட்டது.

"ஒண்ணும் பண்ணலை. சத்தியமா," என்றது வாளி. "கோபமா உக்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்."

"அதையே பண்ணிக்கிட்டிருங்க," என்றது பூசணி. "கோபம் மட்டும் வேணாம்."

தரையில் சுலோச்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினார். "அப்போ இத்தனை வருஷமா நான் ஞாயித்துக்கிழமை லேட்டா எழுந்திருச்சதுதான் இதைக் காப்பாத்தியிருக்கு. அதுக்குத்தானே வாராவாரம் என்னைத் திட்டினீங்க?"

ஏகாம்பரத்துக்கு அப்போது பேட்டரி மாற்ற வேண்டிய ரிமோட் நினைவுக்கு வந்தது. எழுந்து போய் மாற்றினார்.

பயணத்தை இரண்டு நாள் தள்ளிப்போட்டார்கள். காது குத்துக்கு இன்னும் நாள் இருந்தது. தொட்டித் தண்ணீரில் வாடை போனதும் பூசணியை மறுபடி அதில் விட்டார்கள். தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு பலகை அடித்து, அதில் வாளியை ஏற்றினார் ஏகாம்பரம்; மிதவையையும் வாளிக்கு மாற்றினார். மோட்டார் தினமும் தொட்டியில் கொஞ்சம் தண்ணீரை வெளியே தள்ளும். நேற்றைய தண்ணீர் வாளியிலிருந்து டியூப் வழியாகத் தொட்டிக்கு இறங்கும். அதன் பிறகே குழாய் திறந்து வாளியில் சிவப்புக் கோடு வரை நிரப்பும். அந்தத் தண்ணீர் நாளை வரை அங்கேயே இருக்கும்.

பூசணி பழையபடி கொழுத்தது. வீட்டுக்காரர்கள் ஓசூருக்குப் போனார்கள். பகல் வீடு அமைதியாக இருந்தது. டைமர் எண்களை மாற்றிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சந்தேகம் தீரவில்லை.

"பெரியவரே, இப்போ உங்க வேலை என்ன?"

"சும்மா இருக்கறது," என்றது வாளி.

"முன்னாடியும் அதைத்தானே செஞ்சீங்க?"

"ஆமா. அப்போ கீழ உக்கார்ந்து செஞ்சேன்."

மோட்டாருக்குப் பொழுது போகவில்லை. "பெரியவரே, பேசிக்கிட்டிருக்கலாமா?" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டது.

"தொந்தரவு பண்ணாதே," என்றது வாளி, கைப்பிடியை நிமிர்த்திக்கொண்டு. "நான் வேலையா இருக்கேன்."