காலிப் பொந்துக்கு ஊட்டிய இருவாட்சி

ஆடி மூன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு, தொண்டைக்குள் பதினேழு அத்திப்பழங்களை அடக்கிக்கொண்டு, கொண்டையப்பன் என்ற இருவாட்சிப் பறவை தன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது.

வீடு என்பது மரப்பொந்து. இருவாட்சிகளின் குடித்தனமே தனி. பெண் உள்ளே போய், வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் ஒரு கீறல் வழியாகப் பழம் ஊட்டும்.

கொண்டையப்பனின் மனைவி வேலாயி உள்ளே இல்லை. வைகாசிக் காற்றில் கிளை முறிந்து மேலே விழுந்து செத்துப்போயிருந்தது. வாசல் திறந்து கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் கொண்டையப்பனே மண் பூசி அடைத்தது. கீறல் வழியே பழமும் போட்டது. மறுநாள் பார்த்தால் பழத்தைக் காணோம்!

"தின்னுட்டா!" என்று அதற்கு அப்படி ஓர் ஆறுதல்.

அன்றிலிருந்து நல்ல பழமெல்லாம் பொந்துக்கு. தனக்குக் கீழே கிடக்கும் சொத்தைதான். நாற்பது நாளில் இறகு கொட்டி, பறக்கும்போதே தள்ளாடியது.

கூட்டத்துக்கு மூத்தவள் ராசக்கா வந்தது. "இங்கே பழம் முடிஞ்சுபோச்சு. இன்னைக்கு அக்கரைக் காட்டுக்குக் கிளம்புறோம். இங்கேயே கிடந்தா செத்துருவே, தம்பி!"

"நான் வந்துட்டா அவளுக்கு யாரு ஊட்டுவா, அக்கா?"

அப்போது பொந்து பேசியது.

"தினமும் அத்திதானா? ஒரு நாளாவது நாவல்பழம் கொண்டாங்களேன்!"

கொண்டையப்பன் விழப்பார்த்தது. "வேலாயி! நீயா?"

"வேலாயியாவது, காளியாயியாவது! நான் எலி, அண்ணே! உள்ளே வரும்போது ஒல்லியா இருந்தேன். தின்னு தின்னு வயிறு ஊதிப்போச்சு. இப்போ கீறல்ல தலை மட்டும்தான் நுழையுது!"

"திருட்டு நாயே! என் பெண்டாட்டிக்கு வெச்சதையா தின்னே?"

"அவங்க தின்ன மாட்டேங்கிறாங்களே! வாசலை உடைங்க. இல்லாட்டி நானும் செத்துருவேன். அப்புறம் ரெண்டு பேருக்குச் சேர்த்துப் பழம் சுமக்கணும்!"

ராசக்கா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கொண்டையப்பன் வெகுநேரம் கீறலைப் பார்த்தது. பிறகு தொண்டையிலிருந்து ஒரு பழத்தை அலகுக்குக் கொண்டுவந்தது. பழக்கத்தில் தலை பொந்துப் பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்து, தானே விழுங்கியது. பழம் இனித்தது. இனித்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. மீதிப் பதினாறையும் வெட்கத்தோடே தின்றது.

அப்புறம் மண்சுவரைக் கொத்தி உடைத்தது. எலி உருண்டு விழுந்து, நன்றி சொல்லாமல் ஓடியது. உள்ளே கொட்டையும் எலிப்புழுக்கையும்தான் இருந்தன.

தை ஒன்பதாம் தேதி அந்தப் பொந்தில் ஒரு மைனா ஜோடி குடியேறியது. கொண்டையப்பன் அக்கரைக் காட்டிலேயே இருந்தது.

செத்தவருக்காக எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். ஆனால் அவருக்காக வாழாமல் கிடந்தால், கொழுப்பது யாரோ ஓர் எலிதான்.